வெள்ளியங்கிரியில் நடுங்க வைத்த பனியன்

கேள்வி: எனக்கு வயது 44. நாமக்கல் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர். போன மார்ச்சில் நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறினேன். உள்ளே வழக்கமான காட்டன் பனியன், மேலே காட்டன் டி-ஷர்ட். ராத்திரி பத்து மணிக்குப் பூண்டியிலிருந்து கிளம்பினோம். ஏறும்போது வியர்வை கொட்டியதே தவிர குளிரே தெரியவில்லை. ஏழாவது மலையில் விடியலுக்காக உட்கார்ந்தபோது பல் கிட்டிப்போகிற மாதிரி நடுங்கினேன். பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டும் நிற்கவில்லை. வருகிற டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறப் பதிவு செய்திருக்கிறோம். உள்ளே போடும் சட்டை கேட்டுக் கடைக்குப் போனால் 350 ரூபாய்க்கு 'டிரை-ஃபிட்', 900-க்கு தெர்மல், 3,500-க்கு மெரினோ கம்பளி என்று மூன்றை எடுத்துப் போடுகிறார்கள். சக ஆசிரியர் ஒருவர் 'காட்டனை மிஞ்சி எதுவும் கிடையாது' என்கிறார். எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?

பதில்: வணக்கம் சார். நான் திருப்பூரில் 26 வருஷமாகத் துணியின் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். என் கைக்கு வந்துபோன துணியில் முக்கால்வாசி காட்டன் பனியன் துணிதான். எனக்குச் சோறு போட்டது காட்டன். அப்படியிருந்தும் சொல்கிறேன், அன்றைக்கு உங்களை நடுங்க வைத்தது மலைக்காற்று மட்டும் இல்லை, உங்கள் பனியனுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நீங்கள் எந்தப் பாடம் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அறிவியல் என்றால் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லலாம். ஒரு லிட்டர் வியர்வை உடம்பின் மேலேயே ஆவியாகிப் போக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிறார்களே, அதே கலோரிதான். காட்டன் பனியனும் காட்டன் டி-ஷர்ட்டும் சேர்ந்து உலர்ந்த நிலையில் 250 கிராம் இருக்கும். மலை ஏறி முடித்தபோது அவற்றில் 200 மில்லி வியர்வையாவது தங்கியிருக்கும். நன்றாகப் பிழிந்த பிறகும் அவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கக்கூடிய நூல் காட்டன். அந்த 200 மில்லியும் உங்கள் மேலேயே காய 116 கலோரி போகும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளின் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குகிற வெப்பம் 80-லிருந்து 100 கலோரி. ஆக, ஒரு மணி நேரத்துக்கு மேல் உங்கள் உடம்பு உண்டாக்கிய சூடு முழுவதும் சட்டையைக் காயவைக்கவே சரியாகிவிட்டது. மேலே ஸ்வெட்டர் போட்டதால் நனைந்த துணி உடம்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டியதுதான் மிச்சம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஸ்வெட்டர் சூடு தருவது அதற்குள் அடைபட்ட காற்றினால். ஈரப் பனியனின் மேல் அதற்குப் பெரிதாக வேலை இல்லை.

ஏறும்போது ஏன் தெரியவில்லை என்றால், அப்போது உங்கள் உடம்பு உட்கார்ந்திருப்பதைப் போல நாலைந்து மடங்கு வெப்பம் உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஈரத்துக்குக் கொடுத்தது போகவும் நிறைய மிச்சம் இருந்தது. அதனால்தான் கடையில் சட்டையைத் தொட்டுப் பார்க்கும்போது ஏறுகிற நேரத்தை நினைக்காதீர்கள், உட்கார்ந்த பிறகு வரும் அரை மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எந்தத் துணியும் சமாளிக்கும், கோணிப்பை உட்பட.

இனி காட்டன். நூல் வியாபாரத்தில் ஒவ்வொரு இழைக்கும் ஈரக் கணக்கு ஒன்று உண்டு. 20 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் 100 கிராம் உலர்ந்த இழையை வைத்தால் காற்றிலிருந்து எத்தனை கிராம் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும் என்பதுதான் அந்தக் கணக்கு. காட்டனுக்கு 8.5. பாலியஸ்டருக்கு 0.4. கம்பளிக்கு 16 வாக்கில். இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். காட்டனைவிடக் கம்பளி இரண்டு மடங்கு ஈரம் குடிக்கிறதே, அதை எப்படிக் குளிருக்குப் போடுகிறார்கள்? சரியான சந்தேகம்தான், பிறகு வருகிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வியர்வையை இழுத்து வெளியே தள்ளும் துணி என்கிறார்களே, அந்த வேலையை நம் வீட்டு அகல்விளக்குத் திரி தினமும் செய்கிறது. அது பஞ்சு தானே? எண்ணெய் ஏறுகிறதே? ஏறும். எண்ணெய் இழைகளுக்கு நடுவில் உள்ள சந்து வழியாக மட்டும் ஏறுகிறது, இழைக்குள் போவதில்லை. தண்ணீர் அப்படி இல்லை, பருத்தி இழைக்குள்ளேயே போய்விடும். இழை ஊதும், சந்து அடைபடும், உள்ளே போனது சீக்கிரம் வெளியே வராது. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. அதனால் சந்து சந்தாகவே இருக்கும். வியர்வை அதன் வழியாக ஊர்ந்து துணியின் வெளிப்பக்கம் போய், அகலமாகப் பரவி, காற்றில் காயும். சந்து எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. அதனால்தான் 75 டீனியர் (டீனியர் என்பது நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நூலுக்குள் 72 இழை, சில நூலில் 144 இழை என்று மயிர் மயிராகப் பிரித்துப் போடுகிறார்கள். இழையின் குறுக்குவெட்டை வட்டமாக விடாமல் வாய்க்கால் வாய்க்காலாக வடிப்பதும் உண்டு. டூபாண்ட் நிறுவனம் 1986-இல் கொண்டுவந்த கூல்மேக்ஸ் அந்த வகை.

ஆனால் பாலியஸ்டர் என்று லேபிளில் இருந்தாலே வேலை செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். பாலியஸ்டருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. அப்படியே விட்டால் வியர்வைத் துளி துணியின் மேல் தாமரை இலைத் தண்ணீராக நிற்கும். சாயப் பட்டறையில் கடைசியாக ஒரு ஃபினிஷ், அதாவது தண்ணீரை ஏற்க வைக்கும் ரசாயனப் பூச்சு, கொடுத்தால்தான் துளி இழைமேல் படியும், பரவும். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். பல வருஷம் முன்னால் ஓட்டக்காரர்களுக்கான டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று, 3,000 பீஸ். துணி நல்ல துணி, எடை சரி, நிறம் சரி. பேக்கிங் ஆகிற நேரத்தில் ஒரு பீஸை எடுத்துத் துளி விட்டேன். உருண்டை உருண்டையாக நின்றது, ஒரு நிமிஷம் ஆகியும் இறங்கவில்லை. விசாரித்தால், பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட் பையன் தண்ணீரை ஏற்கும் சாஃப்ட்னருக்குப் பதில், வழக்கமாகப் பனியன் துணிக்குப் போடும் சிலிகான் சாஃப்ட்னரை ஊற்றியிருக்கிறான். கையில் பிடித்தால் பட்டு மாதிரி இருந்தது. யாருமே குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவரைத் தவிர. மொத்தத் துணியும் திரும்பவும் தண்ணீர் கண்டது. செலவில் பாதி எங்கள் தலையில்.

அதனால் கடையில் வழுவழுப்பைத் தடவிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு சட்டை வாங்கி வந்து, நாங்கள் செய்கிற அதே சோதனையை வீட்டில் செய்யுங்கள். முதலில் சட்டையை ஒரு முறை துவைத்துக் காயப்போடுங்கள். உட்பக்கம், அதாவது உடம்பில் படுகிற பக்கம், மேலே இருக்கும்படி ஒரு டம்ளர் வாயில் விரித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். துணி தொய்யக் கூடாது. ஜன்னல் வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு செ.மீ. உயரத்திலிருந்து ஒரே ஒரு சொட்டு தண்ணீர் விடுங்கள். சொட்டின் மேல் ஜன்னல் மினுங்கும். அந்த மினுக்கம் எத்தனை வினாடியில் மறைகிறது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். சோதனைக்கூடத்தில் இதற்கு ஏஏடிசிசி 79 என்று பெயர், அமெரிக்கத் துணி வேதியியலாளர் சங்கம் வகுத்த சோதனையின் எண் அது. நாங்கள் வாயால் சொல்வது டிராப் டெஸ்ட். ஐந்து வினாடிக்குள் மறைந்தால் நல்ல துணி. பத்தைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். மறைந்ததும் துணியைத் திருப்பி வெளிப்பக்கம் பாருங்கள். உள்ளே இருக்கிற ஈர வட்டத்தைவிட வெளியே இருக்கிற வட்டம் பெரிதாக இருந்தால் சட்டை தன் வேலையைச் செய்கிறது. பிறகு ஐந்தாறு துவைப்புக்குப் பின் மறுபடியும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மட்டமான ஃபினிஷ் அதற்குள் கழுவிக்கொண்டு போயிருக்கும். 350 ரூபாய்ச் சட்டை இதில் தேறினால் தாராளமாக வாங்கலாம். தேறுவதும் உண்டு. 1,500 ரூபாய்ச் சட்டை தேறாததையும் பார்த்திருக்கிறேன். டிரை-ஃபிட் என்பது நைக்கியின் வணிகப் பெயர், நம் கடைத்தெருவில் பளபளவென்று இருக்கிற பாலியஸ்டருக்கெல்லாம் அதுவே பேராகிவிட்டது. ஆகையால் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

எடையும் பார்க்க வேண்டும். துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்போம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. லேபிளில் பெரும்பாலும் இருக்காது. மீடியம் சைஸ் அரைக்கை டி-ஷர்ட்டில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் துணி இருக்கும், எனவே சமையலறைத் தராசில் வைத்து வருகிற எடையே உத்தேசமான ஜிஎஸ்எம். முழுக்கை என்றால் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரிக்கு 120-லிருந்து 140 போதும். கேதார்காந்தாவில் நடக்க 140-லிருந்து 170. அதற்கு மேல் கனமாக வாங்கினால் ஏறும்போது வேகும், நிறைய வியர்க்கும், வந்த பிரச்சினையே திரும்ப வரும்.

இப்போது கடைக்காரர் காட்டிய 900 ரூபாய் தெர்மல். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏமாற்றுவது கடைக்காரர் இல்லை, பெயர். லூதியானா பக்கமிருந்து வருகிற தெர்மல்கள் காட்டனும் பாலியஸ்டரும் கலந்தவை, அல்லது விஸ்கோஸ், அக்ரிலிக் கலந்தவை. உட்பக்கம் பிரஷ் போட்டு மயிர் எழுப்பியிருப்பார்கள். டெல்லி குளிரில் ஆபீஸ் போகிறவருக்கும், ஊட்டியில் சாயங்காலம் உட்கார்ந்து டீ குடிக்கிறவருக்கும் அருமையான பொருள். மலை ஏறுகிறவருக்கு அது இன்னும் தடிமனான ஒரு ஈரப் பனியன். உங்கள் வீட்டில் ஏற்கெனவே தெர்மல் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கூடாரத்துக்குள் போய், நடந்த சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பைத் துடைத்துக்கொண்டு, தூங்கப் போடுகிற உடை அது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு அடிகூட ஏறாதீர்கள். இல்லாவிட்டால் புதிதாக வாங்க வேண்டியதும் இல்லை.

இனி கம்பளிக்கு வருவோம். மெரினோ என்பது ஒரு வகைச் செம்மறியாட்டின் மெல்லிய கம்பளி. 16 சதவீதம் ஈரம் குடிக்கிறது, உண்மை. ஆனால் அது குடிப்பது பெரும்பாலும் ஆவியாக இருக்கும்போதே. கம்பளி மயிரின் மேல்தோல் தண்ணீரை ஒட்டவிடாது, உட்பகுதி ஆவியை இழுத்துக்கொள்ளும். அதனால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் ஏறிய பிறகும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். மயிருக்கு இயல்பிலேயே சுருள் இருப்பதால் உடம்போடு அப்பிக்கொள்ளாமல் நடுவில் காற்று நிற்கும். நாற்றம் பிடிப்பதும் குறைவு. குத்தாதா என்று கேட்பீர்கள். குத்துவது தடிமனான மயிரின் நுனி. 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் தோல் உணரும். நல்ல மெரினோ உள்சட்டைகள் 17, 18 மைக்ரானில் வரும். நம் தலைமுடி 70 மைக்ரான் வாக்கில் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். காரணம் இரண்டு. மெல்லிய மெரினோ, பையின் பட்டை உரசும் இடத்திலும் அக்குளிலும் சீக்கிரம் ஓட்டை விழும். பூச்சி வேறு அரிக்கும். நாமக்கல் வெயிலில் வருஷத்தில் 51 வாரம் அது பீரோவில் தூங்கும். இரண்டாவது, நீங்கள் முதல் தடவையாகப் பனிக்குப் போகிறீர்கள். இரண்டு பேருக்கு 7,000 ரூபாயை உள்சட்டையில் போட்டுவிட்டு, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட்டில் கஞ்சத்தனம் பண்ணுவீர்கள். அந்தப் பணத்தை ஜாக்கெட்டிலும், கம்பளி கலந்த காலுறையிலும் போடுங்கள். வருஷா வருஷம் போகப்போகிறீர்கள் என்று ஆனால் அப்போது ஒரு மெரினோ வாங்கிக்கொள்ளலாம்.

அப்படி வாங்கும் நாளில் ஒன்றைக் கவனியுங்கள். கம்பளி என்று விற்பதில் அக்ரிலிக் என்ற செயற்கை இழை நிறைய. உள்தையலில் துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வெளியே வைத்து, இடுக்கியில் பிடித்து நெருப்பு காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், கரி விரலில் பொடியும். உருகிக் கெட்டியான உருண்டையாக நின்றால் அது செயற்கை. தையல் நூலை உருவிவிடாதீர்கள். அசல் மெரினோவிலும் தையல் நூல் பாலியஸ்டராக இருக்கும். அதைக் கொளுத்திவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், நம் ஊர் ஆண்கள் எல்லாரும் செய்கிற ஒரு தவறு. ஆயிரம் ரூபாய்க்கு ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட் வாங்குவார்கள், உள்ளே பழக்க தோஷத்தில் காட்டன் பனியனும் போட்டுக்கொள்வார்கள். பனியன் இல்லாமல் சட்டை போட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான். ஆனால் வியர்வையை முதலில் வாங்குவது பனியன், அது விட்டுக்கொடுத்தால்தானே மேல் சட்டைக்கு வேலை? பனியனைக் கழற்றிவிடுங்கள், ஸ்போர்ட்ஸ் சட்டையே பனியன். ஜட்டிக்கும் இதே கதைதான். உங்கள் மனைவிக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள். மேலே எவ்வளவு நல்ல சட்டை போட்டாலும் உள்ளே காட்டன் பிராவும் காட்டன் ஸ்லிப்பும் இருந்தால் மார்பும் முதுகும் ஈரத்திலேயே இருக்கும். பாலியஸ்டரோ நைலானோ உள்ள ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு அவசியம். முழங்காலுக்குத் தொங்கும் காட்டன் குர்த்தி பனியில் கீழ்விளிம்பு நனைந்து விறைத்துப்போகும், அதுவும் வேண்டாம்.

பெரியவர்கள் சிலர் போடுகிற வலை பனியன் தெரியும் அல்லவா, ஓட்டை ஓட்டையாக? அதைக் கிண்டல் பண்ணாதீர்கள். நார்வேயில் 1933-இல் ஹென்ரிக் புரூன் என்ற ராணுவ அதிகாரி மீன்பிடி வலையைக் கொண்டு உள்சட்டை செய்து பார்த்ததிலிருந்து அந்த வகை அங்கே குளிருடை ஆகிவிட்டது. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவிலும் வலை பனியன் போட்டிருந்தார்கள். ஓட்டைகளில் காற்று நிற்கும், ஆவி தடையில்லாமல் வெளியே போகும். பாலியஸ்டரில் அப்படி ஒன்று கிடைத்தால் உள்ளே போட நான் தடை சொல்ல மாட்டேன். நம் ஊரில் கிடைப்பது காட்டன் வலை, அதனால் அது திண்ணைக்குத்தான்.

அளவும் தையலும் துணிக்குச் சமமான விஷயம். சட்டை தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. தொடாவிட்டால் வியர்வை துணிக்கு ஏறாமல் முதுகில் ஓடையாக இறங்கும். நம்மவர்கள் வயிற்றை மறைக்க ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார்கள், மலைக்கு அது ஆகாது. கடையில் போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் நீளம் போதாது, பையின் இடுப்புப் பட்டை நேராகத் தோலில் உரசும். பிறகு சட்டையை உள்வெளியாகத் திருப்பி, தோள்பட்டையைப் பாருங்கள். சாதாரண டி-ஷர்ட்டில் கழுத்திலிருந்து தோள் முனை வரை ஒரு தையல் ஓடும், ஓவர்லாக் போட்டுத் தடித்திருக்கும். எட்டு கிலோ பையின் பட்டை அதன் மேல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் சாயங்காலம் தோளில் கோடு விழுந்திருக்கும். தையல் தட்டையாக, இரண்டு துணியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருந்தால் அது பிளாட்லாக், அது நல்லது. தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடினால் அது ராக்லன், இன்னும் நல்லது. கழுத்தின் பின்னால் லேபிள் தைத்திருந்தால் கிளம்பும் முன்பே பிரித்து எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் மிச்சம் நிற்கிற விளிம்பு இன்னும் மோசமாக அறுக்கும்.

இழுபடும் நூலான லைக்ரா ஐந்து, எட்டு சதவீதம் இருந்தால் உடம்போடு நன்றாக நிற்கும். பத்துக்கு மேல் வேண்டாம், காய நேரமாகும். கழுத்தில் அரை ஜிப் இருந்தால் கேதார்காந்தாவுக்கு வசதி, ஏற்றத்தில் திறந்துகொள்ளலாம். நிறம் உங்கள் இஷ்டம்.

நாமக்கல்லிலிருந்து திருப்பூர் கிட்டத்தில்தான் இருக்கிறது, காதர்பேட்டைக்கு ஒரு நடை வந்தால் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடைகளில் இந்த வகைச் சட்டைகள் மலிவாகக் கிடைக்கும். லேபிளை வெட்டியிருப்பார்கள். நிறம் மாறியதால் ஒதுக்கியதும் இருக்கும், நான் சொன்ன மாதிரி ஃபினிஷ் சொதப்பியதால் ஒதுக்கியதும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டைப்பையில் ஒரு சின்ன சொட்டு மருந்துக் குப்பியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் அந்தக் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், உங்களைத் தொழில்காரர் என்று நினைத்து விலையையும் குறைப்பார்கள்.

ஆக, வாங்க வேண்டியது: ஆளுக்கு இரண்டு முழுக்கை பாலியஸ்டர் சட்டைகள். ஒன்றைப் போட்டு நடக்க, ஒன்று உலர்ந்தபடி பையில். பாலியஸ்டரும் நனையும் சார், அதை மந்திரச் சட்டை என்று நினைக்க வேண்டாம். காட்டனைவிடக் குறைவாகப் பிடிக்கும், சீக்கிரம் காயும், அவ்வளவுதான். பையில் இருக்கும் சட்டையை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். கேதார்காந்தாவின் உச்சி 12,500 அடி. கடைசி ஏற்றத்துக்கு அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கூடாரத்திலிருந்து கிளப்புவார்கள். அந்நேரம் மைனஸ் 10 டிகிரி வரைக்கும் போகும். பயத்தில் இருப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். முதல் பத்து நிமிஷம் லேசாகக் குளிர்கிற அளவுக்கே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். சூடு ஏறியதும் வியர்க்கும் முன்பே நின்று ஒன்றைக் கழற்றுங்கள். வியர்த்த பிறகு கழற்றுவது தாமதம். உச்சியில் நின்றதும் போட்டோ எடுக்கும் முன்னால் ஜாக்கெட்டைப் போடுங்கள்.

வெள்ளியங்கிரிக்கு அடுத்த முறை ஏற இந்த வகையில் ஒரு அரைக்கைச் சட்டை, மாற்றிக்கொள்ள உலர்ந்த சட்டை ஒன்று, அவ்வளவு போதும். ஏழாவது மலை ஏறி உட்காரும் இடத்துக்கு வந்ததும், ஸ்வெட்டரைத் தேடும் முன்பு, நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். அரை நிமிஷம் காற்றில் வெறும் உடம்போடு நிற்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். ஆண்டி சுனையில் குளிக்காமல் போங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. குளித்தால் தலையையும் உடம்பையும் நன்றாகத் துவட்டிவிட்டு உலர்ந்த உடை மாற்றுங்கள்.

துவைப்பதில் ஒரே ஒரு கண்டிப்பு: துணி மணக்க ஊற்றுகிற கம்ஃபர்ட் மாதிரியான திரவங்கள் கூடாது. அவை இழைமேல் மெழுகுப் பூச்சு மாதிரி படியும். அன்றைக்கு எங்கள் பட்டறைப் பையன் செய்த வேலையை நீங்கள் வீட்டிலேயே செய்த மாதிரி ஆகும். பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் தங்கும் என்பது உண்மைதான். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை முகர்ந்து பார்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில், காட்டனைவிடப் பாலியஸ்டர்தான் நாறியது. அதில் வளருகிற கிருமிகளின் வேலை அது. கழற்றியதும் சுருட்டிப் பையில் திணிக்காமல் உதறிக் காயப்போட்டால் பாதி நாற்றம் வராது. ஏற்கெனவே பிடித்துவிட்டதற்கு ஒரு வாளி தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைத்து அலசுவது என் வழக்கம். கம்பளி வாங்கினால் என்சைம் கலந்த சலவைப் பவுடர் வேண்டாம், கறையைத் தின்பது கம்பளியையும் தின்னும். பாட்டி காலத்துப் பூந்திக்கொட்டை போதும். முகாமில் நெருப்பு மூட்டினால் பாலியஸ்டர்ச் சட்டையோடு ரொம்பக் கிட்டே போகாதீர்கள், ஒரு பொறி பட்டால் துணி உருகித் தோலில் ஒட்டும்.

உங்கள் சக ஆசிரியரிடம் சண்டை போட வேண்டாம். நாமக்கல்லில் சித்திரை வெயிலில் நடக்க அவர் சொல்வதே சரி. வறண்ட சூட்டில் சட்டையில் ஈரம் தங்கி மெதுவாகக் காய்வதுதான் குளிர்ச்சி. சென்னைக் கடற்கரையில் ஓடுகிறவருக்கு எந்தச் சட்டையும் பெரிதாக உதவாது. காற்றே ஈரமாக இருக்கும்போது வியர்வை எங்கே போய்க் காயும்?

கிளம்பும் முன்னால் ஒரு வேலை. கொல்லிமலை உங்களுக்குப் பக்கம். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிசம்பரில் சுமக்கப்போகிற அதே எடையைப் பையில் வைத்துக்கொண்டு, இருவரும் புதுச் சட்டையோடு ஆகாயகங்கை அருவிப் படிகளில் இறங்கி ஏறுங்கள். ஆயிரத்துக்கு மேல் படி, நன்றாகவே வியர்க்கும். மேலே வந்ததும் சட்டையை மாற்றாமல், மேலே எதுவும் போடாமல், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் காற்றாட அரை மணி நேரம் உட்காருங்கள். அதற்குள் முதுகு முக்கால்வாசி காய்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் தோளைப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்திருந்தால் அந்தச் சட்டையைப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வைத்துக்கொண்டு வேறு வாங்குங்கள். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது.